அக்கா கேட்ட முகம்

மரணத்தின் முன்னால் மனிதர்கள் அனைவரும் சமம். இருந்தாலும், தலைமாட்டில் நின்றால் படத்தில் விழுவோமா, கால்மாட்டில் நின்றால் விழுவோமா என்று பெரியப்பா இரண்டாவது தடவையாகக் கேட்டார். சின்னவள் ட்ரைபாடின் திருகை இறுக்கிக்கொண்டே தலைமாட்டைக் காட்டினாள்.

கூடத்தில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். டிக்கெட் கிடைக்காமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அக்காவுக்காகத்தான் இந்தப் படம். கல்யாண வீடியோ எடுக்கிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டவர் பெரியப்பா. குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் கேட்டால் அது தீர்மானம்.

அக்கா போனில் கேட்டது ஒன்றுதான். "கூட்டமெல்லாம் வேண்டாம்டி. அப்பா முகத்தை மட்டும் தெளிவா எடு. எனக்கு அது போதும்."

அதனால் மணப்பெண்களுக்கு மாட்டும் லென்ஸையே மாட்டியிருந்தாள். ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பனிமூட்டமாக்கிவிடும். கேமராவும் தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கும் ரகம். மணப்பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் விடாது. வாங்கிய அன்று அப்பா அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணை அதுவே தேடிப் பிடிச்சிடுமா? அப்போ உனக்கு என்ன வேலை, பையைத் தூக்குறதா?" என்றார்.

அவளுக்கு நிற்க இடம் கிடைத்தது ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில். வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகள் முன்பக்கத்தையும் அடைத்துவிட்டன. தோளில் ஃபிரிட்ஜின் சூடு. அப்பாவின் காதோரம் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது. போய் எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. நாற்காலி ஒன்றை நகர்த்தினாள். தலைமாட்டில் நின்று கேமராவுக்குப் பேச ஆரம்பித்திருந்த பெரியப்பா, பேச்சை நிறுத்தாமலே உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

தம்பி தமக்குப் பிள்ளை மாதிரி என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாள்கூட வர முடியாமல் சங்க வேலை தம்மைக் கட்டிப்போட்டதையும் உருக்கமாகச் சொன்னார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். லென்ஸைப் பார்த்தபடியே ஒற்றினார்.

வ்யூஃபைண்டரில் அப்பா கலங்கலாகத் தெரிந்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் கலங்கல்தான். மறுபடி துடைத்தாள். அழுதுகொண்டே படம் எடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கினார்கள். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் வண்டியின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"முகம் நல்லா வந்திருக்காடி?"

"வந்திருக்குக்கா. அனுப்புறேன்."

சொன்ன பிறகுதான் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. கேமரா திறந்த கண்ணாகப் பார்த்துப் பிடித்திருந்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பெட்டிக்குள் வெளிறிய ஒரு மங்கல். அதற்குப் பின்னால் பெரியப்பா, இமைமுடி வரை துல்லியமாக.

அவருடைய கைக்குட்டையில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.