இருபது டிகிரி

ஒரே ஒரு எண்ணுக்காக நானும் என் மனைவி ஸுஹாதும் மூன்று நாள் பேசாமல் இருந்தோம். அந்த எண் முந்நூற்று நாற்பத்து மூன்று.

காற்றில் ஒலி நொடிக்கு அத்தனை மீட்டர் போகும் என்று புத்தகம் சொல்கிறது. பாஸ்ராவில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாகக் கருவிகளை எடுத்து வைத்து, கழுவி, பூட்டுகிறவன் நான். முதலாண்டு மாணவர்கள் ஒலியின் வேகத்தை அளப்பதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீளமான கண்ணாடிக் குழாய், அதில் தண்ணீர். இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் குழாயின் வாய்க்கு மேல் பிடிக்க வேண்டும். தண்ணீரை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் குழாயும் சேர்ந்து பாடும். இன்னும் கீழே போனால் இன்னொரு தடவை பாடும். இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை இரட்டித்து, கவையின் அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். காதும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஆனால் விடைதான் முன்கூட்டியே தெரியுமே! 343 வர வேண்டுமென்றால் தூரம் முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பின்னாலிருந்து கணக்குப் போட்டு, மில்லிமீட்டரை இப்படியும் அப்படியும் தள்ளி எழுதிவிடுவார்கள். இதற்கு எங்கள் பேச்சில் சமையல் என்று பெயர். அண்ணன் சமைத்த தாளைப் பார்த்துத் தம்பி சமைப்பான்.

அவர்களைப் பழிக்க எனக்கு வாயில்லை. தலைமைச் சமையல்காரனே நான்தான். 343 என்பது இருபது டிகிரிக் காற்றில். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஒலியின் வேகம் அறுபது சென்டிமீட்டர் ஏறும். அதனால் ஒவ்வொரு தாளிலும் அறை வெப்பநிலையை எழுத வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆய்வகச் சுவரிலிருந்த வெப்பமானி என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. புதிது கேட்டு மனு போட்டேன். மனு மேசை மேசையாகப் போய்த் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் "எத்தனை டிகிரி?" என்று கேட்டு உயிரை எடுத்தார்கள். ஒருநாள் கடுப்பில் மூலத்தாளில் என் கையாலேயே "அறை வெப்பநிலை: 20" என்று எழுதி நகல் எடுத்துவிட்டேன். பாஸ்ராவில் இருபது டிகிரி என்பது ஜனவரியில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. ஒன்பது வருடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன்.

ஸுஹாத் இதே கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. கல்லூரியை மூடினார்கள். பிறகு எங்கள் கல்யாணம், பல வருடம் காத்திருந்து பனீன். அவள் பிறந்த நாளிலிருந்து எல்லாருக்கும் நான் அபூ பனீன், பனீனின் அப்பா. மகளுக்கு ஆறு வயதானதும், "நான் விட்ட இடத்திலிருந்து படிக்கப் போறேன்" என்று மாலை வகுப்பில் சேர்ந்தாள். வெப்பவியல் புத்தகத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, கொதிக்கிற பானையைப் பார்த்துப் பார்த்துப் படிப்பாள். போன வருடம் அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் தேர்வில் தவறினாள். இரண்டாம் வருடமும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள், மறுபடி சேரவே முடியாது. இந்த வருடம் எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் சண்டை வந்தது.

"குழாய் சோதனைதான் வரும். முந்நூத்தி நாப்பத்தி மூணு வர்ற மாதிரி எழுதிடு" என்றேன்.

"காதுல என்ன கேக்குதோ அத எழுதுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, ஸுஹாத். நூத்துக்கு மூணுக்கு மேல விலகினா சைபர் போடுறாங்க."

"எல்லாரும் எழுதுறதையே நானும் எழுதணும்னா, இந்த வயசுல எதுக்குப் படிக்கணும்? வீட்லயே ஒக்காந்து உங்களுக்கு மீன் சுட்டுக் குடுத்துட்டு இருக்கலாமே."

"உனக்கு நல்லது சொன்னா ஏறுதா?"

"நல்லது சொல்றீங்களா, திருட்டு சொல்லித் தர்றீங்களா?"

உண்மை சுட்டது. கத்தினேன். அவள் கத்தவில்லை, பேச்சை நிறுத்தினாள். மூன்று நாளும் வேளை தவறாமல் தேநீர்க் கோப்பை என் முன்னால் வந்தது, சர்க்கரை கலக்காமல். சர்க்கரை பக்கத்தில் இருந்தது. கலக்குவதுதான் நின்றுபோயிருந்தது.

தேர்வு ஜூன் மாதம், மாலை நாலு மணிக்கு. நான் குழாய்களில் தண்ணீர் நிரப்பினேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர், அதிலேயே தேயிலை போடலாம். தேர்வு எழுதுகிறவளின் புருஷன் அறையில் இருக்கக் கூடாது என்பதால் டாக்டர் இந்திஸார் என்னை வெளியே அனுப்பினார். அவர்தான் தேர்வாளர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்தாதிலிருந்து வந்தவர், ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஸுஹாத் என்னைக் கடந்து உள்ளே போனாள், கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. பனீனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கால்மணி நேரத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான், ஏசிக்கு இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் நிறைய கவைகள் ஒலித்தன. பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன, அவரவர் சமையலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு கவை மட்டும் தட்டித் தட்டி ஒலித்துக்கொண்டே இருந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். நிறுத்தித் தொலையேன் என்று பல்லைக் கடித்தேன். நிறுத்திவிடாதே என்றும் உள்ளே எதுவோ சொன்னது.

கடைசி ஆளாக வெளியே வந்தாள். கறுப்பு அபாயா அங்கி வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு வந்துச்சு?"

"முந்நூத்தி அம்பத்தி ஏழு." மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு வருஷத்த ஒரு நம்பர்ல கொண்டுபோய்க் கொட்டிட்டியே!"

"ஏழு தடவ பாத்தேன். ஏழு தடவையும் அதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை டாக்டர் இந்திஸார் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இருபத்து மூன்று தாள்கள்.

"உக்காருங்க, அபூ பனீன். மத்தியானம் பட்டியல அனுப்புறேன். உங்க வீட்டம்மாவுக்கு சைபர்ங்கறதால முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. மத்த இருபத்திரண்டு பேரும் முந்நூத்தி நாப்பத்தொண்ணுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல. சமையல்னு தெரியுது, ஆனா நிரூபிக்க முடியல. இவங்க முந்நூத்தி அம்பத்தேழு. பாவம், சமைக்கக்கூடத் தெரியல."

"வீட்ல நல்லா சமைப்பா, டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்தேன். ஏழு வரிசை அளவுகள், பென்சிலில், அவளுடைய குட்டிக் குட்டி எழுத்து. எல்லாம் முப்பத்து நாலே முக்கால், முப்பத்தைந்து என்றே இருந்தன. மேலே என் கையெழுத்து: அறை வெப்பநிலை: 20. அதன் பக்கத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ரப்பரால் அழித்த இடம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது.

என் இருபதின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: "சரியல்ல. காய்ச்சல் மானியில் பாதரசம் 42-ஐத் தொட்டு நின்றுவிட்டது."

எழுதிவிட்டு, கோட்டையும் சேர்த்து அழித்திருக்கிறாள்.

பனீனின் காய்ச்சல் மானி அவள் கைப்பையில் இருந்திருக்கிறது. அதில் கடைசிக் கோடே நாற்பத்திரண்டுதான். அந்த ஒரு வரி இருந்திருந்தால் டாக்டர் இந்திஸாருக்கு எல்லாமே விளங்கியிருக்கும். ஸுஹாத் தேறியிருப்பாள், நான் மாட்டியிருப்பேன். அரசாங்கத் தாளில் பொய் எழுதியவன் என்று கோப்பில் ஏறினால் ஆய்வகம் போய்விடும், எங்காவது ஒரு கிடங்கில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். திருட்டு சொல்லித் தருகிறீர்களா என்று என் முகத்துக்கு நேரே கேட்டவள், ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தன் இரண்டு வருடத்தை ரப்பரால் தேய்த்திருக்கிறாள். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். நானும் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், அந்த இருபது நான் எழுதுனது."

"எந்த இருபது?"

"வெப்பநிலை. ஒம்பது வருஷமா நம்மகிட்ட வெப்பமானியே இல்ல. நேத்து அந்த ரூம்ல நாப்பத்திரண்டுக்கு மேல. என் பொண்டாட்டி எழுதுனதுதான் சரி. இங்க பாருங்க, எழுதி அழிச்சிருக்கா. எனக்காக அழிச்சிருக்கா."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எழுந்து, "வாங்க" என்றார்.

எதிர்க்கட்டடத்து வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வெப்பமானியை நானே இரவல் வாங்கி வந்தேன். நல்லவேளை, அன்றும் மின்சாரம் இல்லை. என் வாழ்நாளில் மின்வெட்டுக்கு நன்றி சொன்னது அந்த ஒருநாள்தான். வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. டாக்டர் தண்ணீரில் விரலை விட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவர் கவையைத் தட்டினார், நான் தண்ணீரை இறக்கினேன். இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. குழாய் பாடியது. அவர் கையைத் தூக்கினார், நான் கோடு போட்டேன். இரண்டாவது தடவை பாடியது. தூரம் முப்பத்து நாலு புள்ளி எட்டு. முந்நூற்று ஐம்பத்தாறு.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு பேரும் நாப்பத்திரண்டு டிகிரிக்கு மேல வெந்துகிட்டே இருபது டிகிரி விடைய எழுதியிருக்காங்க. அத வச்சுகிட்டு நான் இந்தப் பொண்ணுக்கு சைபர் போட இருந்தேன்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க மேல ஒரு கண்டனக் கடிதம் போகும், அபூ பனீன். போட்டே ஆகணும். வேலைய நான் காப்பாத்தப் பாக்குறேன். மத்தவங்களுக்கு அடுத்த வாரம் மறுதேர்வு."

"அந்த இருபத்திரண்டு பேரும் என்னக் கொன்னுடுவாங்களே, டாக்டர்."

"அது உங்க பாடு" என்றவர், ஸுஹாதின் தாளை எடுத்து முழு மதிப்பெண் போட்டார்.

நண்பகலில் வீட்டுக்குப் போனேன். மின்சாரம் வந்திருந்தது, பனீன் ஏசி அறையில் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஸுஹாத் சோறு கிளறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"தேறிட்டே" என்றேன்.

அவள் கை நின்றது.

"அழிச்ச வரிய டாக்டர்கிட்ட காட்டிட்டேன். என் மேல கடிதம் போகுது. பரவாயில்ல."

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "அதுக்குத்தான அழிச்சேன்!"

"அத அழிக்கத் தெரிஞ்சவளுக்கு, முந்நூத்தி அம்பத்தேழ மட்டும் அழிச்சு முந்நூத்தி நாப்பத்திமூணுன்னு எழுதத் தெரியலயா? தப்பிச்சிருக்கலாமே."

"அது ஏழு தடவ கேட்டது. கேக்கலன்னு எப்படி எழுதுறது?" முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க தப்ப மறைக்க முடிஞ்சுது. அத மறைக்க முடியல."

அவள் தலையில் கையை வைத்தேன். "என் கண்ணு" என்று சொன்னேன். பாஸ்ராவில் காய்கறிக்காரனிடம்கூட அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கு அதை அர்த்தத்தோடு சொன்னேன்.

பிறகு தேநீர் போட்டாள். சர்க்கரையை அவளே கலக்கினாள். பனீனுக்குக் காய்ச்சல் பார்க்க அவள் கைப்பையிலிருந்து மானியை எடுத்தேன். பாதரசம் இன்னும் நாற்பத்திரண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் மானி அப்படித்தான், ஒருதரம் ஏறினால் உதறுகிறவரை இறங்காது. நேற்று மாலையிலிருந்து அதை அப்படியே பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் இருந்திருக்கிறாள்.

"ஒதறிடுங்க, இனிமே அது வேணாம்" என்றாள்.

உதறினேன். சீக்கிரத்தில் இறங்கவில்லை, பலதரம் உதற வேண்டியிருந்தது. பனீனின் கக்கத்தில் வைத்து, காத்திருந்து, எடுத்து ஸுஹாதிடம் கொடுத்தேன். என் கண்ணுக்குக் கோடுகள் கலங்கித் தெரிந்தன.

அவள் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். "முப்பத்தேழு. காய்ச்சல் விட்டுருச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கோங்க, அபூ பனீன். இது சமைக்காத நம்பர்."