‘போதும்’ என்ற பிறகு பதினான்கு விநாடிகள்

1

இந்தக் கதை ஒரு பேட்டியாக இருந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகைக்காக, பதினோரு கேள்விகளோடு ஒரு திரைப்பட இயக்குநரைப் பார்க்கப் போனேன். சினிமாவைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் அவர் என்ன நினைக்கிறார் என்று எழுத வேண்டும். ஒரு கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. மற்ற பத்தும் மடித்தபடி சட்டைப்பையில் இருக்கின்றன.

இயக்குநர் ஜன்னல் வழியே தொலைவில் தெரிந்த

(எடிட்டிங் அறையில் ஜன்னல் கிடையாது. மறுபடி தொடங்குகிறேன்.)

2

இரண்டு திரைகள், மூன்று நாற்காலிகள், ஆறிப்போன காபி. இயக்குநருக்கு வயது அறுபத்தெட்டு. எடிட்டர் அவருடைய மகள். வேலை இடத்தில் அப்பாவை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

முதல் கேள்வியைக் கேட்டேன். மனிதர்களை நம்புகிறீர்களா?

“ஒரு நிமிஷம் நம்புவேன். அதுக்கு மேல யாரா இருந்தாலும் நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்குள்ள நிறுத்திடணும். என் வேலையே அதுதான்.”

“அதனாலதான் சார் எடுத்த எங்க வீட்டு போட்டோவுல எல்லாரும் பாதிக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறோம்,” என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படப்பிடிப்பில் அவர் ‘கட்’ சொல்வதில்லை. ‘போதும்’ என்பார். மற்றவர்கள் எதிர்பார்ப்பதற்கு ஒரு மூச்சு முன்னதாக.

3

பிரச்சினை ஒரு பொத்தான்.

திரையில் படத்தின் கடைசிக் காட்சி. வெளியூர் கிளம்பும் கணவனின் சட்டைக்கு மனைவி பொத்தான் தைக்கிறாள். பாதியில் இயக்குநரின் குரல்: “போதும்.” நடிகை நிறுத்தவில்லை. கேமராக்காரரும் நிறுத்தவில்லை. இன்னும் பதினான்கு விநாடி தைத்து, நூலைப் பல்லால் கடித்து, பொத்தானை இழுத்துப் பார்த்துவிட்டு, “இப்பதான் சார் போதும்,” என்கிறாள்.

மகள் அந்தப் பதினான்கு விநாடிகளையும் படத்தில் சேர்த்திருந்தாள். குரல்களைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

“எடுத்துடு,” என்றார்.

“ஏன் சார்?”

“அது கதையில வர்ற பொண்ணு இல்ல. அந்த நடிகை.”

“ஆனா நடிக்கல. நீங்க கேட்டது அதானே?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குப் படத்தை ஒப்படைக்க வேண்டும். மணி நாலேகால்.

“இது போனா நானும் போறேன்,” என்றாள் மகள். “வேற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. திங்கட்கிழமை வரச் சொல்றாங்க.”

4

(முதல் வரைவில் இந்த இடத்தில் மகளை அழவைத்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. இரண்டாவது வரைவில் கத்தவைத்தேன். உண்மையில் அவள் மேசையைத் துடைத்தாள்.)

துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏழு வயசுல யானை வரைஞ்சு காட்டினேன். வால் போடறதுக்குள்ள ‘போதும்’னுட்டீங்க.”

“நல்லா இருந்துச்சு. அதான் சொன்னேன்.”

“நல்லா இருந்தா ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லணும்ப்பா.”

அந்த அறையில் அவள் அப்பா என்றது அப்போதுதான்.

அவர் கேட்டார்: “இன்னும் வால் இல்லாமலேயா இருக்கு அது?”

“பீரோவுல இருக்கு. வால் இல்லாம.”

5

முடிவு ஒன்று: இயக்குநர் எழுந்து மகளைக் கட்டி

(கட்டிக்கொள்கிற குடும்பம் இல்லை இது.)

முடிவு இரண்டு: அவர் மறுக்கிறார். அவள் பையை எடுத்துக்கொள்கிறாள். கதவு சாத்தும் ஓசை. இதை முழுதாக எழுதினேன். நன்றாக வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. துயரமாக முடித்தால் உண்மையாகிவிடும் என்று நினைப்பது எழுதுகிறவனின் சோம்பல். அவர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன்: மனிதர்களை ஒரு மூச்சு முன்னதாக நிறுத்திவிட்டேன்.

6

எனவே, நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

“இன்னொரு தடவை போடு,” என்றார்.

போட்டாள். ஊசி துணிக்குள் இறங்கி ஏறியது. திரையிலிருந்து அவர் குரல் வந்தது: “போதும்.” இங்கே, நாற்காலியில், பழக்கத்தில் அவர் கை உயர்ந்தது. நிறுத்தும் பொத்தான்மேல் அவள் விரல்.

(சட்டையில் இருப்பதும் பொத்தான், விரலடியில் இருப்பதும் பொத்தான். நானாக வைத்ததில்லை. மொழி வைத்தது.)

கை சற்று நேரம் காற்றில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில், அவளுக்குப் பக்கத்தில்.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

‘போதும்’ என்று எழுதி முடிக்க இது நல்ல இடம். ஆனால் ஊசி இன்னும் துணிக்குள் இருக்கிறது. நூலைக் கடிக்க ஒன்பது விநாடி பாக்கி. நான் எழுந்துகொள்கிறேன். மூன்றாவது நாற்காலி காலி. நீங்கள் உட்காருங்கள்.

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.