உசனார் போட்ட பலகை

கண்டக்குழியில் முப்பது வருசமாக வள்ளம் கட்டுகிற உசனாருக்குத் தன் வேலையை யாராவது குறை சொன்னால் பற்றிக்கொண்டு வரும். ஆலங்குடா ஹோட்டலில் கிற்றார் வாசிக்கிற ஸப்ரான், வெடித்துப்போன கிற்றாருக்குப் புது முகப்பலகை போடக் கொடுத்திருந்தான். அவரும் உள்ளே தடித்த சட்டங்கள் ஒட்டி, கடலில் விட்டாலும் தாங்குகிற மாதிரிச் செய்துவைத்தார். கம்பியை மீட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது.

"சட்டத்த மெலிசாச் சீவணும் நானா. இண்டைக்கு அந்திக்கு வாசிக்க ஈக்கிது" என்றான், எடுத்துப்போக வந்த ஸப்ரான்.

"மெலிஞ்ச சட்டத்த நம்பிக் கடலுக்குப் போனவன் எவன்டா திரும்பி வந்தான்?" என்று சீறினாலும், கம்பிகளைத் தளர்த்தி, வட்டத் துவாரத்துக்குள் சின்ன உளியை விட்டுச் சீவினார்.

ஸப்ரான் திரும்பக் கம்பிகளை முறுக்கினான். பலகை 'கிறுக்' என்றது.

"யா அல்லாஹ்! போதும்டா, பிளக்கப் போகுது!"

அவன் கேட்கவில்லை. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினான். பலகை காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி நடுங்கியது. வள்ளத்தில் இப்படி ஒரு பலகை நடுங்கியிருந்தால், எல்லாரையும் குதிக்கச் சொல்லியிருப்பார். தன்னை அறியாமலே உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தார். சத்தம் அப்படியே செத்துப்போனது.

"கைய எடுங்க நானா" என்று சொல்லி ஸப்ரான் மறுபடியும் தட்டத் தொடங்கினான்.

உசனார் விரல் விரலாக எடுத்தார். ஒவ்வொரு விரலுக்கும் சத்தம் ஏறியது. கடைசி விரலை எடுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.