நான்கிலிருந்து ஆறு வரை

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று கதவு திறந்த பிறகும் மாமனார் வெளியே வரவில்லை. குனிந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டின் தரை மாடித் தரையைவிட ஒரு விரல் தடிமன் தாழ்ந்து நின்றிருந்தது. செருப்பின் நுனியை அந்த விளிம்பில் வைத்து இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார்.

"லெவல் தப்புது. கோல் ஊனி நடக்கிறவங்க தலைகுப்புற விழுவாங்க."

"போன மாசம்தான் ஐயா மெக்கானிக் வந்து பார்த்துட்டுப் போனாரு" என்றாள் முதியோர் இல்லத்தின் மேலாளர்.

"பார்த்துட்டுத்தான் போயிருக்கான்."

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மருமகன் கையிலிருந்த தாளில் ஏழாவது கேள்விக்கு எதிரே பெருக்கல் குறி போட்டான். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். மருந்துப் புட்டி செய்யும் ஆலையில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. கீறல் உண்டா, மூடி இறுகுகிறதா, கழுத்து கோணலா என்று நாளெல்லாம் சரியும் தப்பும் போட்டுப் பழகிய கை. இந்த இடத்துக்கும் அப்படியே ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குமா, மருத்துவர் வாரத்துக்கு எத்தனை நாள், மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள். இதுவரை பதினான்கு சரி, இரண்டு தப்பு.

நடைவழியில் வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்திருந்த பெரியவரை மேலாளர், "இவரை எல்லாரும் ரேடியோன்னுதான் கூப்பிடுவோம்" என்று அறிமுகப்படுத்தினாள். ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சேரப் போறது, ரெண்டு பேருல? தம்பியைப் பார்த்தாத்தான் ரொம்பக் களைச்சுப் போன மாதிரி இருக்கு."

"நான்தான்" என்றார் மாமனார். "சாப்பாடெல்லாம் எப்படி?"

"சாப்பாட்டுல உப்பு இருக்காது. அதையெல்லாம் நாங்க பேச்சுல சேர்த்துக்குவோம். இது மகனா?"

"மாப்பிள்ளை."

"அப்ப பொண்ணு வரலையா?"

மேலாளர் தன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். அவளிடம் மருமகன் தொலைபேசியிலேயே விவரம் சொல்லியிருந்தான்.

"அவளால வர முடியல" என்றார் மாமனார், வெகு சாதாரணமாக.

அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும். நடுவில் இருந்து இவர் சொன்னதை அவனிடமும், அவன் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தவள் போனதும் இருவருக்கும் பேச்சு வற்றிவிட்டது. பால் வாங்கியாயிற்றா, மோட்டார் போட்டாயிற்றா, அவ்வளவுதான். போன வாரம் ஒருநாள் காலையில், "ஒரு இடம் இருக்கு மாமா, சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று அவன் சொன்னபோது, வாக்கியம் முடியும் முன்னே, "பார்க்கலாம் மாப்பிள்ளை" என்றுவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அறை அவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, வாகனங்கள் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னல். மாமனார் அலமாரிக் கதவைத் திறந்து மூடினார். குளியலறைக்குள் போகவில்லை. அவன்தான் உள்ளே போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. ஈரத் தரையில் செருப்பைத் தேய்த்தான். வழுக்கவில்லை. சரி, சரி. குறி போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

"விண்ணப்பத்தை எடுத்துட்டு வந்துடறேன். நீங்க உட்கார்ந்து பாருங்க" என்று மேலாளர் கீழே இறங்கிப் போனாள்.

மாமனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தலைமாட்டுச் சுவரில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை கேட்டீங்க. மணி அடிச்சா எவ்வளவு நேரத்துல வருவாங்கன்னு கேக்கலையே?"

"மறந்துட்டேன் மாமா."

அவர் நம்பியதுபோலத் தலையாட்டினார்.

அவன் மறக்கவில்லை. முதலில் எழுதி, பிறகு அடித்த கேள்வி அது. மாமனாருக்குக் காதுக் கருவி வாங்கித் தந்தவன் அவன்தான். கூடவே, அது எப்போதும் சார்ஜ் தீர்ந்துபோன நிலையில் கிடக்கிறதே என்று ஒரு ஒழுங்கும் போட்டுத் தந்தான். மாலை நான்கிலிருந்து ஆறு வரை சார்ஜ் போடவும். கொட்டை எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினான். மாமனார் ஒருநாளும் தவறவில்லை. மிஷின்களோடு வாழ்ந்தவர், எழுதி ஒட்டிய விதியை மீற மாட்டார். அவன் மனைவி குளியலறையில் விழுந்தபோது மணி நாலே முக்கால். அடுத்த அறையில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் கூப்பிட்டிருக்கிறாள். கதவைத் தட்டியும் இருக்கிறாள். மேல்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது. வழக்கம்போல ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தார்களாம்.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒருநாள் பார்த்தபோது குளிர்பெட்டியில் அந்தத் தாள் இல்லை. கிழித்தது அவன் இல்லை. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசவில்லை. நீங்கள் சொல்லித்தானே என்று மாமனார் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்லாத வாக்கியம்தான் அவன் காதில் விழுந்தது. இங்கே கொண்டுவந்து விட நினைத்தது அவருடைய முதுமைக்காகவா, அந்த வாக்கியத்திலிருந்து தப்பிக்கவா?

"வீட்டுல காது தூங்க மாட்டேங்குது மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ஃப்ரிட்ஜ் ஓடினாக்கூட எந்திரிச்சு உங்க ரூம் வாசல்ல வந்து நிக்கிறேன். உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்குக் கேக்கணுமே."

கதவிடுக்கில் இரண்டு பாதங்களின் நிழலை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். வயசானவர், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று புரண்டு படுத்திருக்கிறான்.

"இதைக் கழட்டவே இல்லையா மாமா?"

"குளிக்கிறப்போ கழட்டுவேன். சார்ஜ் போடறப்போ பக்கத்துல உட்கார்ந்து கதவையே பார்த்துட்டு இருப்பேன். இங்கன்னா என் காதை நம்பி யாரும் இல்ல. அதான் நீங்க கேட்டதும் சரின்னேன்."

சொல்லிவிட்டு வலது காதிலிருந்து கருவியை மெல்லப் பிடுங்கினார். காதின் பின்மடலில் அது அழுந்திய இடம் புண்ணாகி, காய்ந்து, மறுபடி புண்ணாகியிருந்தது. கருவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

"அடிச்சுப் பார்ப்போம். யாராச்சும் வர்ற சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

பொத்தானை அழுத்தினார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நடைவழியின் கோடியில் எங்கோ மணி விட்டுவிட்டு ஒலித்தது. மாமனாருக்கு அது கேட்கவில்லை. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வந்துவிட்டால் இவர் இங்கே தங்கிவிடுவார். வராவிட்டால் இருவரும் லெவல் தப்பிய அந்த லிஃப்டில் இறங்கி, அதே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எது நடக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவர்க்கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று முடித்தது. மூடிய கைக்குள் அடைபட்ட கருவி கீச்சென்று விசிலடிக்கத் தொடங்கியது. விரலைத் திறந்தால் நின்றது. மூடினால் மறுபடி அடித்தது.

"வர்றாங்களா?" என்று மாமனார் தன் குரலின் அளவு தெரியாமல் உரக்கக் கேட்டார்.

தூரத்தில் ஏதோ சக்கரம் உருண்டது. இந்தப் பக்கம்தானா என்று சொல்ல முடியவில்லை. அவன் கையை இன்னும் இறுக மூடிக்கொண்டு காதைத் தீட்டினான்.