வலப்பக்கத்துப் பதக்கங்கள்

சுதந்திர தினத்தன்று மாரிகுப்பம் மைதானத்தில் முன்னாள் ராணுவத்தினர் கொடியேற்றினார்கள். என் வீட்டுக்காரர் ரகுவுடைய பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் போன மார்கழியில் எல்லையில் இறந்தார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அதனால்தான் போனேன்.

ஓய்வுபெற்ற சுபேதார் காத்தவராயன் பச்சைத் தொப்பியைச் சரிசெய்தபடி என்னிடம் வந்தார்.

"அம்சவேணி, சரியா குத்திக்கினு வந்துகிறியே! ரகு சொல்லி வெச்சிருந்தானா?"

"இன்னாது மாமா?"

"பதக்கத்தச் சம்பாதிச்சவன் போட்டுக்கினா இடது பக்கம். அவன் போயிட்டா, சொந்தக்காரங்க வலது பக்கம்தான் போடணும். இது தெரியாம எல்லாரும் இடது பக்கமே குத்திக்கினு வராங்கம்மா."

பக்கத்தில் நின்றவர்களுக்கும் என்னைக் காட்டினார். இதற்கும் ஒரு பாராட்டா என்று தோன்றியது. கொடி ஏறியது. மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

ரகு எதுவும் சொல்லி வைக்கவில்லை. லீவில் வந்தால் இந்த விழாவுக்கு அவர் சட்டையில் நான்தான் பதக்கம் குத்திவிடுவேன். எதிரே நின்று குத்துவதால் அவருடைய இடது மார்பு என் வலது கைக்கு நேராக இருக்கும். இன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோதும் கை பழக்கத்தில் அந்த வலது பக்கமே போனது.

நான் எனக்குக் குத்திக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் குத்திவிட்டேன்.