புத்தகம் சும்மா இருக்கிற இடம்

கட்டிலுக்கடியில் உருண்டு ஓடிய பகடையைத் தேடி அக்கா முழங்காலிட்டுக் கையை விட்டுத் துழாவினாள். ஐம்பத்தெட்டு வயதில், ஆஸ்பத்திரித் தரையில், இருபது முகம் கொண்ட ஒரு பச்சைப் பகடைக்காக! மேலே மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தம்பி சிரித்தான்.

"தரையில விழுந்தது செல்லாதுக்கா. மறுபடி உருட்டட்டும்."

டாக்டர் காலையில்தான் அவளை வராந்தாவுக்கு அழைத்துச் சொல்லியிருந்தார். இதயம் இனித் தாங்காது, இன்றோ நாளையோ என்று. தம்பி கேட்டபோது அவள் மறைக்கவில்லை. அவளுக்கு மறைக்க வராது. அவனும் அழவில்லை. "அப்போ பாலத்துச் சண்டைய இன்னிக்கே முடிச்சிடணும். ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றான்.

அந்த இரண்டு பேர் பேக்கரிக்காரரும் டீச்சரும். லிப்ட் மெக்கானிக்கான தம்பியின் வீட்டில் பதினொரு வருடமாக ஞாயிறு தவறாமல் இந்த விளையாட்டு. தம்பி கதை சொல்வான். பேக்கரிக்காரர் ஒரு கேடயக்காரன், டீச்சர் ஒரு திருடி. தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். விதிகளுக்கு ஒரு புத்தகம் உண்டு; நடுவர் தம்பிதான்.

அக்காவுக்கு இது பிடித்ததே இல்லை. அவள் இருபத்தாறு வருடமாக டிரைவிங் லைசென்சுக்குத் தேர்வு வைப்பவள். சக்கரம் வெள்ளைக்கோட்டை ஒரு விரற்கடை தொட்டாலும் பெயில், அழுதாலும் பெயில். கதையும் நீ, தீர்ப்பும் நீ என்றால் அது என்ன ஆட்டம்?

பேக்கரிக்காரர் மறுபடி உருட்டினார். பதின்மூன்று. பாலத்தில் நின்ற சேற்றுப் பூதத்தின் மேல் அடி விழப் பதினைந்து வேண்டும்.

"போச்சு" என்றார்.

"இரு. எப்படி அடிக்கிறான்? அதைச் சொல்லு."

"கைப்பிடிச் சுவர் மேல ஏறி, கேடயத்தோட அப்படியே அது தலையில குதிக்கிறான்."

"அந்த உடம்ப வச்சுக்கிட்டா?" என்றார் டீச்சர்.

"உயரத்துக்கு ரெண்டு சேத்துக்க. பதினஞ்சு. பட்டுடுச்சு" என்றான் தம்பி.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இது புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் புத்தகமே சொல்லிட்டா நான் எதுக்குக்கா?"

அடி பட்டும் பூதம் சாகவில்லை. அடுத்த முறை அதனுடையது. பூதத்துக்காக நடுவர்தான், மற்றவர்கள் பார்க்காதபடி நிறுத்திவைத்த அட்டைக்குப் பின்னால் உருட்ட வேண்டும். தம்பியின் விரல்கள் பகடையைப் பிடிக்க மறுத்தன. "நீ உருட்டு" என்று அவளிடம் தள்ளினான்.

உருட்டினாள். பத்தொன்பது.

கேடயக்காரனுக்கு மிச்சமிருந்த உயிர்ப்புள்ளி மூன்றே மூன்று, இந்த அடி விழுந்தால் அவன் செத்தான் என்று இதற்குள் அவளுக்கே தெரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பேக்கரிக்காரர் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மாவு.

"நாலு" என்றாள்.

தம்பி மெல்லத் தலையைத் திருப்பிப் பகடையைப் பார்த்தான். பிறகு அவளை.

"பத்தொன்பது. அக்கா கண்ணாடிய மாத்தணும்."

"டேய், உனக்கு என்னடா போச்சு? நடுவர் நீதானே, நாலுன்னு சொல்லிட்டுப் போயேன்!"

"புத்தகம் சும்மா இருக்கிற இடத்துலதான்க்கா நான் பேசலாம்." மூச்சு வாங்கிக்கொண்டான். "விழுந்ததை மாத்தினா, இத்தனை வருஷமா இவங்க தப்பிச்சதெல்லாம் நான் போட்ட பிச்சைன்னு ஆயிடும்."

ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டது.

"உயிர் பூஜ்யம்" என்றான் தம்பி. "பூஜ்யம்னா சாவுதான். ஆனா உடனேன்னு புத்தகத்துல எழுதல. ஒரு மூச்சு தர்றேன். என்ன செய்றான்?"

பேக்கரிக்காரர் வாயிலிருந்து விரலை எடுத்தார்.

"கேடயத்த அந்தத் திருடிகிட்ட குடுத்துட்டு, 'நீ ஓடு'ங்கிறான். அப்புறம் உக்காந்துக்கிறான். பாலம் குறுகல். அவன் உடம்பு பெருசு."

"பூதம் அவனைத் தாண்ட முடியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"முடியாது."

"உருட்ட வேணாமா?" என்று அக்கா கேட்டாள்.

"இதுக்கு வேணாம்."

பேக்கரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டீ வாங்கி வருவதாகச் சொல்லி இருவரும் கீழே போனார்கள்.

"நாலாம்!" என்றான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டே. "உனக்குப் பொய் சொல்லவே வரல."

"முதல் தடவையே யாருக்குடா வரும்?"

அவன் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக் கோடுகளில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகாமல் இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் மணியை அழுத்தினாள். நர்ஸ் வந்து நாடி பார்த்தாள், குழாயை எடுத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். ஐந்து பத்து.

டீயோடு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். டீச்சர் வந்து அக்காவின் தோளில் கை வைத்தார். பேக்கரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிப் போனார். நெட்டையனான தம்பியின் பாதங்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் போர்வையை இழுத்து மூடினார்.

"வேணாம்ப்பா" என்றாள் அக்கா. "கால மூடினா அவனுக்கு வேர்க்கும்."

அவர் போர்வையை மறுபடி மேலே ஏற்றிவிட்டார்.