மேற்கொண்டு எழுத வேண்டாம்

டோல்கேட்டில் நான் நடத்திவந்த டி.டி.பி. கடையில் அறிவு என்பவன் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு முப்பது தாண்டியிருந்தது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடும். வேலை ஓய்ந்த நேரத்தில் அவன் செய்துகொண்டிருந்த காரியம்தான் எனக்கு எரிச்சல்.

இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். சம்பளம் என்ற பேச்சே இல்லை. அதிலும் இவன் கட்டுரை எழுதுகிற ஆளில்லை. ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வதா தூக்கிவிடுவதா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு பெட்டியை ஒட்டுவார்கள். ‘இதை நீக்குவது பற்றி உரையாடல் நடக்கிறது. மாற்றுக் கருத்து உடையோர் ஏழு நாட்களுக்குள் கீழே தெரிவிக்கவும். எதுவும் வராவிட்டால் நீக்கப்படும்.’ இந்தப் பெட்டிக்கு வார்ப்புரு என்று பெயர். அதை ஓரிடத்தில் திருத்தினால், ஒட்டியிருக்கும் பக்கங்களிலெல்லாம் தானாகவே மாறிவிடுமாம். இம்மாதிரிப் பெட்டிகளின் கோடு, நிறம், வாசகம் எல்லாவற்றையும் பராமரிப்பது எங்கள் அறிவு. ஓரக்கோட்டின் தடிமனுக்காகக் கனடாவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். கரண்ட் பில் கட்டியது நான்.

இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்ததால், பெட்டியை முதலில் பேஜ்மேக்கரில் வரைந்து அழகு பார்ப்பான். கறுப்பு ஓரக்கோடு, நடுவில் இடம், அடியில் பொடி எழுத்தில் அந்த வாசகம். ஒரு நாள் அந்த ஃபைல் திறந்திருக்கும்போதே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்று சிலர் வந்து நின்றார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்கள். கூட வேலை பார்த்த செங்குட்டுவன் எண்ணூர் கழிமுகத்தில் விழுந்து இறந்து, சில நாள் கழித்து உடம்பு கிடைத்து, மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கமும் முடிந்திருந்தது. கறுப்பு ஓரம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அறிவு அந்தப் பெட்டிக்குள்ளேயே படத்தை வைத்து, பெயரை அடித்துக் கொடுத்துவிட்டான். அடியில் இருந்த பொடி எழுத்தை எடுக்க மறந்துபோனான்.

போஸ்டர் வியாசர்பாடி முதல் டோல்கேட் வரை சுவரேறிய பிறகுதான் நான் பார்த்தேன். சிரித்த முகத்தோடு செங்குட்டுவன். அவன் காலடியில், மாற்றுக் கருத்து உடையோர் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும், எதுவும் வராவிட்டால் நீக்கப்படும். யார்டுக்காரர்களை வரவழைத்தேன். வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். அவர்களில் பெரியவரான சவரிநாதன், பொடி எழுத்தையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லிப் பெரிய மனது பண்ணிப் போய்விட்டார்.

படித்திருந்தார்கள். அந்த வாரமே செங்குட்டுவனின் மனைவி வரலட்சுமி கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. சுவரிலிருந்து கிழித்த போஸ்டரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். விரித்துக் காட்டினாள். பொடி எழுத்துக்குக் கீழே, கண்டெய்னரில் நம்பர் போடுகிற மஞ்சள் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: ஒத்துக்க மாட்டேன்.

“டோல்கேட்டாண்ட ஒட்னதுலயும் இதான் எழுதிக் கீது யக்கா. பேசின் பிரிட்ஜாண்டயும் இதான்” என்றாள்.

யார்டுக்காரர்களின் திமிர் என்று எனக்குக் கோபம் வந்தது. சவரிநாதனைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவர் அந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. பிள்ளைமேல் சத்தியம் பண்ணி, தான் இல்லை, தங்களில் யாருமே இல்லை என்றார். அதன் பிறகு அவர் எங்கள் கடை இருக்கும் பக்கமே வரவில்லை.

வரலட்சுமிக்கு யார் எழுதியது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து செங்குட்டுவன் வாயில் வந்த வார்த்தை அதுதானாம். வேலைக்குப் போகிறேன் என்றால் ஒத்துக்க மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் ஒத்துக்க மாட்டேன். சொன்ன கையோடு அடி. அவன் போன பிறகுதான் தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் புதிதாக இருந்தது. அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மார்ச்சுவரில மூஞ்சிய தொறந்தாங்க. மீனு தின்னுடுச்சி, ஒண்ணும் தெரியல. சட்டை அவுருதுதான். வேற எதையும் நான் பாக்கல யக்கா. ஆமான்னு சொல்லிட்டேன். ஆமான்னு சொல்லணும்னு இருந்திச்சி.”

எனக்கு அவளைக் கட்டியணைத்துக்கொள்ளத் தோன்றியது. அறிவுக்கு வேறு என்னமோ தோன்றியிருக்கிறது. மறுப்பு வந்துவிட்டால் நீக்கக் கூடாது, அதுதான் முறை என்று முணுமுணுத்தான். உன் முறையைக் கொண்டுபோய் உடைப்பில் போடு என்று கத்தினேன். ஆனால் வரலட்சுமி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அப்படியே இருக்கும் என்றான். அவள் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அவசரமாக அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான். “காரணம் சொல்லணும்மா. சும்மா ஒத்துக்க மாட்டேன்னா அதுக்கு வெயிட்டு இல்ல. நீ எழுது. தெரிஞ்சவங்க எழுதட்டும். எல்லாத்தையும் படிச்சிட்டு, பேச்ச முடிச்சிடலாம்.”

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் மார்க்கர் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அவளுடைய வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கீழ்த்தளம். எதிர்ச்சுவரில், குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு போஸ்டர் இருந்தது. அதிலும் மஞ்சள் எழுத்து. அவள் அதன் பக்கத்தில் கறுப்பு மையால் எழுதினாள். முதல் வரிக்கே வெகுநேரம் ஆனது. ‘பல்லு ஒடச்சாரு.’ அடுத்தது, ‘புள்ளை வயித்துலயே போச்சி.’ தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து படித்தார்கள். பக்கத்து வீட்டுப் பவுனம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல வேறொருத்தி எழுதினாள்: ‘சத்தம் என் வூட்டுக்குக் கேக்கும். நான் கதவ சாத்திக்குவேன்.’ பவுனம்மாள் அழுதாள். பிறகு ஆளாளுக்குப் பேனாவை வாங்கினார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் கீழே மஞ்சளில் ஒத்துக்க மாட்டேன். பகல் முழுக்கக் குழாயடியில் ஆள் இருந்தது. எழுதியவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. பெண்கள் மறுபடி எழுதினார்கள். மறுபடி மஞ்சள் வந்தது. ஆனால் வேறு வார்த்தை வரவில்லை. எத்தனை தடவை வந்தாலும் அதே ஒரு வார்த்தைதான். எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் முதுகு காட்டி நிற்கவே பயமாக இருந்தது.

ஏழு நாள் கெடு முடிந்ததும் அறிவைக் கூட்டிப்போனேன். முடிவு சொல்கிறவன் பேச்சில் கலந்திருக்கக் கூடாது என்பதும் முறையாம். அதனால் அவன் ஒரு வரிகூட எழுதவில்லை, யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. வெயிலில் நின்று மேலிருந்து கீழ்வரை படித்தான். சில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைக்குத் திரும்பி, முடிந்த உரையாடல்களுக்கென்று ஒரு புதுப் பெட்டி செய்தான். அதுவரை அந்தக் கலைக்களஞ்சியத்தில் அப்படி ஒன்று இல்லையாம். சாம்பல் நிறம், மெல்லிய கோடு. கனடாக்காரர் முதல் தடவையாக மல்லுக்கட்டாமல் சரி என்று போட்டார். அதையே பெரிதாக்கிப் போஸ்டர் அடித்தோம்.

‘இந்த உரையாடல் முடிவுற்றது. எல்லாக் கருத்துகளும் படிக்கப்பட்டன. முடிவு: நீக்கப்பட்டது. இதில் மேற்கொண்டு யாரும் எதுவும் எழுத வேண்டாம்.’

பழைய போஸ்டர் இருந்த இடங்களிலெல்லாம் அதன்மேல் ஒட்டினோம். ஒன்றை வரலட்சுமி கேட்டு வாங்கித் தன் வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போனது. அந்த வருஷம் பகலிலேயே மின்வெட்டு. ஃபேன் நின்றதும் தெருச் சத்தமும் கூடவே நின்றதுபோல் இருந்தது. குழாயடிப் பேச்சு இல்லை, யார் வீட்டு ரேடியோவும் இல்லை.

கதவுக்கு வெளியே ஒரு ஆண்குரல் படிக்க ஆரம்பித்தது.

எழுத்துக்கூட்டிப் படித்தது. “இந்...த... உரை... யா...டல்...” ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் வைத்துத் தேய்க்கிற சத்தம் தாளில் கேட்டது. நான் அந்தக் குரலை முன்னே பின்னே கேட்டதில்லை. யாருடையது என்று தெரிய வரலட்சுமியைப் பார்த்தால் போதுமாக இருந்தது. அவள் உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

குரல் முடிவு என்ற இடத்துக்கு வந்து, அடுத்த சொல்லை இரண்டு தடவை படித்தது. கடைசி வரியை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்ப நான் ஒண்ணும் சொல்லக் கூடாதா?”

அதட்டல் இல்லை. கேள்வியாகத்தான் வந்தது. வரலட்சுமி எழுந்து கதவுக்குக் கிட்டே போனாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

“கூடாது” என்றாள்.

வெகுநேரம் கழித்து நான்தான் கதவைத் திறந்தேன். வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே பவுனம்மாள் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்தாளாம். இந்த வாசலுக்கு ஒருத்தரும் வரவில்லை என்றாள். கதவில் இருந்த போஸ்டரைப் பார்த்தேன். அதில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

உள்ளே வந்து சொன்னேன். வரலட்சுமி மறுபடி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லி அந்த ஆளு கேட்டுக்கினது இதான் யக்கா மொத தபா” என்றாள்.